ஒண்ணு இல்ல, ஏழு

கடலூர் பஸ் நிலையக் கட்டணக் கழிப்பறையில்
மூலத்துக்கும் பவுத்திரத்துக்கும் நடுவே
ஒட்டியிருந்தது அந்தத் தாள்.
குடியை விட விருப்பமா, கீழே ஓர் எண்.
படித்துக்கொண்டேதான்
இடுப்பிலிருந்த குவார்ட்டரைத் திருகினேன்.
எண் மட்டும் நின்றுவிட்டது
கடன்காரன் முகம் போல.

ஐந்து மாதம் கழித்து,
தீபாவளிக்கு முந்தின வாரம், விடிவதற்குள் அழைத்தேன்.
எடுத்தது ஒரு பெண். பின்னால் தையல் மெஷின் சத்தம்.
"நான் இல்லைங்க அது.
கடைசி நம்பர் ஒண்ணு இல்ல, ஏழு.
எவனோ மேல்கோட்டைச் சுரண்டிட்டான்.
வாரத்துக்கு நாலு பேர் எனக்கு அடிக்கிறீங்க."
வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.
"எழுதிக்கிட்டீங்களா? திருப்பிச் சொல்லுங்க."
சொன்னேன்.
"வெறும் வயித்தோட போவாதீங்க."
பெயர் கேட்டேன். அமலோற்பவம்.

கடலூரிலேயே கூட்டம் உண்டு என்றார் ஏழில் முடிந்தவர்.
பாண்டியில் சொல்லுங்கள் என்றேன்.
இங்கே நான் விழாத சாக்கடை இல்லை,
நிமிர்ந்து நடக்க வெட்கம்.

அதே பஸ்தான்.
முள்ளோடை தாண்டியதும் வாயில் எச்சில் ஊறியது.
கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்,
எந்த வளைவில் எந்தக் கடை என்று
கண்டக்டரைவிட எனக்குத் தெரியும்.
ஜன்னலை விட்டு எழுந்து
ஒரு மீன்கூடைக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன்.
அரியாங்குப்பம் பாலம் வரை தலை நிமிரவில்லை.

மாதா கோயில் பள்ளிக்கூடம், இரண்டாம் வகுப்பு ஆ பிரிவு.
பதினோரு ஆண்கள், ஒரு பெண்.
எல்லோருக்கும் முழங்கால் நெஞ்சில் இடிக்கும் பெஞ்சு.
பலகையில் அழிக்காத எட்டாம் வாய்ப்பாடு.
அய்யனாரப்பன் டீ ஊற்றிக்கொண்டு வந்தார்,
எனக்கு மட்டும் பாதி கிளாஸ்.
கஞ்சன் என்று நினைத்தேன்.
வாங்கியதும் கிளாஸ் ஆடியது, ஆடியது,
ஒரு சொட்டு சிந்தவில்லை.
அவர் என்னைப் பார்க்காமல் அடுத்தவரிடம் போனார்.

பெயர் போதும், இனிஷியல் வேண்டாம் என்றார்கள்.
கலியவரதன் என்றேன்.
நாற்பத்தாறு வருடம் முன்னால் நின்ற 'த' என் அப்பா.
அவரும் குடித்தார். கெடிலத்தில் மிதந்தார்.
அவர் இல்லாமல் என் பெயரைச் சொன்னது
விழுந்த பல்லின் இடத்தை
நாக்கு துழாவுவதுபோல் இருந்தது.
அடுத்த வார்த்தை அன்று வரவில்லை.
"வரும்போது வரட்டும், உட்காருங்க" என்றாள் அந்தப் பெண்.

இது எட்டு மாதத்துக்கு முன்.
நடுவில் ஒரு நாற்பத்தொரு நாள் வந்தது,
மகளுக்கு மஞ்சள் நீராட்டிய அன்று போனது.
பந்தலில் நான் கிடந்த கிடையை
அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் சொன்னேன்.
இன்று ஒன்பது நாள்.
ஒன்பதுக்குக் கைதட்டினார்கள்.

திரும்பும்போது ஆல்பேட்டை செக்போஸ்ட்.
ஏறிய போலீஸ்காரர் என்னைக் கண்டதும் சிரித்தார்,
ஆறு வருடப் பழக்கம்.
"பையில என்னடா?"
"ஒண்ணும் இல்ல சார்."
இதே பதிலை இதே பஸ்ஸில்
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார்.
மறுபடி முகர்ந்தார்.
இடுப்பைத் தட்டிப் பார்த்தார்.
மூடியைத் தானே திருகிக் கையில் கொடுத்துவிட்டு
எதையோ தொலைத்தவர் போல இறங்கிப் போனார்.

இப்போது மறுபடி அந்தக் கழிப்பறையில் நிற்கிறேன்.
தாள் இருக்கிறது. ஏழு இன்னும் ஒன்றாகவே இருக்கிறது.
காசு வாங்குபவரிடம் பேனா கேட்டு வாங்கி வந்தேன்.
மேலே ஒரு கோடு, அவ்வளவுதான்.
போட்டால் அமலோற்பவம் நிம்மதியாகத் தைப்பாள்.
போட்டால், நடுங்கிக்கொண்டு கூப்பிடுகிற எவனுக்கும்
வெறும் வயித்தோட போவாதீங்க என்று
சொல்ல ஆளிருக்காது.

பேனா மூடியைக் கழற்றிவிட்டேன்.
வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்,
அவசரம் போல.